கருமத்தம்பட்டியில் சுக்கினிச் சந்தகை

கோயமுத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது பாலாடைக்கட்டி. முகர்ந்து பார்த்தவர் உடனே திரும்ப வைத்துவிட்டார். அடுத்து எடுத்த பொருள் பென்சில் சீவி மாதிரி இருந்தது. யானைக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்தால் சீவுவதற்குத் தோதான அளவு.

“இது என்னங்க?”

“காய் சீவுறது சார். காயை உள்ள விட்டுத் திருகுனா நூடுல்ஸ் மாதிரி நீளநீளமா வரும்.”

“நூடுல்ஸ் வேணும்னா நூடுல்ஸே வாங்கிக்கலாமுங்களே?”

இரவெல்லாம் பயணம் செய்த களைப்பில், நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினேன். யோசித்துப் பார்த்தால் இப்போதும் நியாயம்தான்.

நான் ரோட்டர்டாமில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். ரோட்டர்டாமில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் சுகன்யா, கருமத்தம்பட்டிக்காரி. நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், போகிற வழியில் அவள் அப்பா அம்மாவோடு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். நாகப்பட்டினம் போகிற வழியில் கருமத்தம்பட்டி எப்படி வரும் என்று நானும் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். அதோடு நான் பூகோளத்தை விட்டுவிட்டேன்.

அவள் அப்பா நாச்சிமுத்துவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்று சொல்லி மருத்துவர் இரண்டு முறை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டார். மனிதர் வைத்திருப்பது பன்னிரண்டு விசைத்தறி. போன மாதம் ஓடுகிற தறியில் நூலோடு குறுக்கே பாயும் நாடா எங்கே வருகிறது என்று தெரியாமல் கையை விட்டு, நடுவிரல் நகம் போய்விட்டது. அடுத்தது விரல் போகும் என்பது சுகன்யாவின் பயம். அவள் புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான், விடுப்பு கிடையாது. மூன்றாவது தேதி இன்னும் பத்து நாளில். அதற்குள் அவரைச் சோற்றிலிருந்தும் சந்தகையிலிருந்தும் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் நானும் யானைப் பென்சில் சீவியும்.

கருமத்தம்பட்டியில் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது தறிச் சத்தம். வீட்டை ஒட்டியே கொட்டகை. யார் பேசினாலும் அதைத் தாண்டித்தான் பேச வேண்டும், அதனால் அந்த வீட்டில் எல்லோரும் அன்பையும் கத்தித்தான் சொல்வார்கள்.

“வாங்க கண்ணு வாங்க! உள்ள வாங்க! குளிச்சுப்போட்டு உண்ணலாமுங்க!” என்று கத்தினார் சுகன்யாவின் அம்மா ருக்மணி. பெற்ற அப்பாவையே ‘நீ’ என்று பேசுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். வார்த்தைக்கொரு ‘ங்க’ போட்டு என்னை வரவேற்றதில் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேசையில் எதிரி உட்கார்ந்திருந்தான். சந்தகை. அரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக அவித்து, சூடு ஆறும் முன் அச்சில் போட்டுப் பிழிவார்கள். எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்குத் தூரத்து உறவு என்று நினைத்திருந்தேன். வாயில் வைத்த பிறகு அந்த உறவை இடியாப்பம்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி ஒன்று, எலுமிச்சை பிழிந்து ஒன்று, தக்காளியில் ஒன்று. சந்தகையை ஒழிக்க வந்த நான் மூன்று தட்டு ஒழித்தேன்.

எதிரே நாச்சிமுத்து. அறுபத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, விரலில் கட்டு. என் முகம் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகப் பார்த்துப் பேசினார்.

“பொண்ணு போன்ல சொல்லுச்சுங்க. காயைச் சீவி எனக்குச் சந்தகைன்னு போடப் போறீங்களாமா?”

“ஆமாங்கப்பா. சுக்கினின்னு ஒரு காய், பாக்க வெள்ளரிக்கா மாதிரி இருக்கும்.”

“போடுங்க போடுங்க. பொழுது போகோணுமில்ல.” சொல்லிவிட்டு நான்காவது தடவை தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டார். கோயமுத்தூர்க் குசும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது மரியாதையோடுதான் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பேருந்து ஏறி, சுக்கினி தேடிக் கோயமுத்தூர் போனேன். எங்கள் ஊர்ப் பேருந்துகள் இருமிக்கொண்டே போகும். இங்கே தனியார் பேருந்து, திருவிழா மாதிரி பாட்டும் விளக்குமாகப் பறக்கிறது. நடத்துநர் இறக்கிவிடும்போதுகூட “பார்த்து எறங்குங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு, நான் பார்ப்பதற்குள் வண்டியை எடுக்க விசில் அடித்தார்.

முதல் கடைக்காரர் சுக்கினி என்றதும் தலையாட்டி, சுக்கை எடுத்து எடைபோட்டார். இரண்டாவது கடைக்காரம்மா வெள்ளரிக்காயைக் காட்டி, “இதுதானுங்க. பேருதான் வேற” என்று அடித்துச் சொன்னார். நான் இல்லை என்றதும் பீர்க்கங்காயைக் காட்டி, “அப்ப இதுங்க” என்றார். உழவர் சந்தையில் ஒரு பெரியவர் மட்டும், “அது ஊட்டிக் காயுங்க. நம்மாளுக திங்க மாட்டாங்க” என்றார். கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் குளிரூட்டிய கடை ஒன்றில் கிடைத்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நெகிழித்தாளில் சுற்றி, நகைக்கடைச் சங்கிலி மாதிரி படுக்க வைத்திருந்தார்கள். ரோட்டர்டாமில் கோடைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கூடையில் போட்டு வாசலில் வைத்து, தயவுசெய்து எடுத்துப் போங்கள் என்று சீட்டு எழுதி வைப்பார்கள். இருந்த மூன்றையும் வாங்கினேன்.

திரும்பும்போது வேறு பேருந்தில் ஏறிவிட்டேன். தப்பு என் மேல்தான். பாட்டு நன்றாக இருந்தது, தூங்கிப்போனேன். நடத்துநர் எழுப்பினார்.

“அம்மணி, பல்லடம் வந்துருச்சுங்க.”

“நான் கருமத்தம்பட்டி போகணும்.”

“அது அக்கட்டாலைங்க. இந்த வண்டி ஆயுசுக்கும் அங்க போகாதுங்க.”

பல்லடம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். கோழிகளை அடுக்கிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாக் கோழிகளும் நான் வந்த திசைக்கே போயின. அவற்றுக்காவது சரியான வண்டி கிடைத்திருக்கிறது.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் என் பையை எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்.

“ஏனுங்க, அந்தக் காயை எங்க வாங்குனீங்க?”

சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிறுத்தினார். “அது என்ற தோட்டத்துக் காயா இருக்குமுங்க. அந்தக் கடைக்கும் நாந்தானுங்க போடறேன்.”

அவர் பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, ஊரில் யாரும் வாயில் வைக்காத காய்களாகப் பார்த்துப் போடுகிறார். வாங்குவதெல்லாம் அவினாசி ரோட்டு ஓட்டல்கள்.

“ஓட்டல்காரனுக்குச் சின்னதுதான் வேணும்ங்க. இது சரியான காயுங்க, ஒரு ராத்திரி அசந்தா போச்சு. நேத்து விரல் தண்டி இருக்கும், நாளைக்கு உலக்கை தண்டி நிக்கும். உலக்கையெல்லாம் மாட்டுக்குத்தான் போடறேன். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. தெனமும் காலைல அந்தப் பக்கந்தான் போறேன்.”

அன்றைக்கு அவரே தன் குட்டியானையில், அதாவது குட்டிச் சரக்கு வண்டியில், என்னைக் கருமத்தம்பட்டியில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் காய்க்குப் பாடம் நடந்தது. “தண்ணிக்காயுங்க அது. சீவுனதும் உப்பைத் தூவிச் சித்த நேரம் வெச்சுப்போட்டு, துணில போட்டுப் புழிஞ்சிரோணும். அடுப்புல ரெண்டே நிமிஷம்.” பன்னிரண்டு வருடமாக மருத்துவமனையில் சுக்கினி சமைக்கிற எனக்கு இதெல்லாம் தெரியும் என்று தலையாட்டினேன். தெரிந்திருந்தும் மறுநாள் செய்யவில்லை என்பதுதான் என் தகுதி.

மூன்றாம் நாள் என் அரங்கேற்றம். ருக்மணியம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சீவியில் காயைத் திருகினேன். பச்சை ஓரம் வைத்த வெள்ளைச் சுருள்கள் அழகாக இறங்கின. பூண்டு, எண்ணெய், மேலே பாலாடைக்கட்டி. எங்கள் மருத்துவமனையில் நோயாளிகள் இதற்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

நாச்சிமுத்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். வெகு நேரம் மென்றார்.

“ஏங்கண்ணு, இது வெந்துருச்சா, இல்ல இனிமேத்தான் வேகோணுமா?”

அன்று மாலை தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தேன். பிழியாத காய் தன் தண்ணீரையெல்லாம் விட்டு, தட்டில் ஒரு சின்னக் குளம் கட்டிற்று. ருக்மணியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் சொல்லாமல் இருப்பது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தட்டை எடுத்துக்கொண்டு பொடக்காணிக்கு, அதாவது கொல்லைப்பக்கம், போனார். அங்கே கட்டியிருந்த மாடு அதை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பாலாடைக்கட்டியைப் பார்த்த சுங்க அதிகாரியின் பார்வை அது.

அன்றைக்கு என் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து தொலைபேசியில் பிடித்தார். “ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்துட்டு, எவ வீட்லயோ உக்காந்து காய் சீவிக்கிட்டு இருக்கியாடி? இங்க வஞ்சிரம் வாங்கி வச்சு ஐஸா கெடக்கு.” எனக்கும் வஞ்சிர மீன் நினைப்பு வந்துவிட்டது.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு நாச்சிமுத்து நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்று ருக்மணியம்மா கவலைப்பட்டுச் சொல்லியிருந்தார். எனக்கும் கால் நீட்ட வேண்டும்போல் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து நானும் அதே பக்கம் நடந்தேன்.

அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. முக்கில் ஒரு பேக்கரி. கோயமுத்தூர்ப் பக்கம் பேக்கரி என்றால் கேக் கடை என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் ஊர்ச் சபை. வாசல் பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் தேங்காய் பன். நான் போய் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒரு பெண்பிள்ளை என்ற அளவுக்குத் தெரிந்திருக்கும். திரும்பவும் டீ மாஸ்டரிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

“எங்க ஊட்டுக்கு ஒரு புள்ளை வந்திருக்குதப்பா. வெள்ளரிக்காயைப் பென்சில் சீவறாப்பல சீவி என்னையத் திங்கச் சொல்லுது. பாவம், நல்ல புள்ளைதான். கைப்பக்குவந்தான் ஆண்டவன் குடுக்கலை.”

மாஸ்டர் சிரித்தார். “திங்க வேண்டியதுதானுங்களே. சக்கரை எறங்கட்டும். கண்ணை ஆபரேசன் பண்ணிக்கலாமில்லீங்க?”

நாச்சிமுத்து பன்னைத் தோய்த்துக்கொண்டே சொன்னார். “எறங்குனா பண்ணிப்போடுவாங்களேப்பா. அதுக்குத்தானே எறங்காம வெச்சிருக்கறேன்.”

நான் சைகையில் கேட்டு வாங்கியிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன்.

“எங்க பெரியப்பனுக்கு அந்தக் காலத்துல கண்ணை அறுத்தாங்க. கட்டை அவுத்தா ஒண்ணுமே தெரியலை. இருட்டுலயே ஒம்பது வருசம் இருந்து போய்ச் சேர்ந்தாரு. நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். எனக்கு இப்ப மங்கலாவாச்சும் தெரியுது. அதையும் ஒருத்தன் கையில குடுத்துப்போட்டு உக்காரச் சொல்றியா? சக்கரை இருக்கற மட்டுக்கும் தேதி தள்ளிட்டே போகும். போகட்டுமே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கட்டுப் போட்ட விரல் டம்ளர் மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஒட்டுக்கேட்ட குற்ற உணர்வு பாதி, மறுபாதி பரிதாபம். கடைசியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

“அப்பா, நான் மாலதி.”

பன் பாதி வழியில் நின்றது.

“டீ சொல்லட்டுங்களா கண்ணு?” என்றார்.

“குடிச்சிட்டுத்தான் இருக்கேன்.”

“பன்னு?”

“வேண்டாம்ப்பா.”

இருவரும் சாலையைப் பார்த்தோம், அவருக்குத் தெரிந்த அளவுக்கு. எங்கள் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு நான் தினமும் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றும், காலையில் வந்து பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்றும் சொன்னேன். எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார். பெரும்பாலும் என்றேன். எல்லோருக்கும் என்று பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த மனிதரிடம் வரவில்லை.

“பொண்ணுகிட்டச் சொல்லிப்போடுவீங்களா?”

“நான் சொல்ல மாட்டேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“அதுக்கு ஆபரேசனே பண்ணிக்கலாமுங்க” என்றார்.

ஆனாலும் சொன்னார். சாப்பாட்டு மேசையில், தலையைக் குனிந்துகொண்டு, தறிச் சத்தத்தைத் தாண்டிக் கத்தித்தான் சொன்னார். “எனக்குப் பயமா இருக்குதம்மிணி!” கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

ருக்மணியம்மா கரண்டியை வைத்தார். “ஆறு வருசமா உங்க சக்கரைக்கு நான் வேண்டாத சாமி இல்ல. பயந்தா பயம்னு சொல்ல வேண்டியதுதானுங்களே? பன்னைத் தின்னாப் பயம் போயிருமுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அழுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முக்காலி போட்டு ஏறி, சந்தகை அச்சைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் என்னிடம் கையை நீட்டினார்.

“அந்தப் பென்சில் சீவியக் குடுங்க கண்ணு.”

நான் கேட்டிருந்தபடி ஐந்தாம் நாள் காலை எஸ்தர் வந்தார், தோளில் இரண்டு உலக்கைச் சுக்கினி. வாசலில் ருக்மணியம்மா வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊருங்க, யாரு வீடுங்க, தோட்டம் யாரோடதுங்க. எனக்கும் முதல் நாள் இதே வினாத்தாள்தான். மரியாதை குறையாமல் ஒருவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்க நம் ஊரில் எத்தனை கேள்வி தேவைப்படுகிறது என்று அப்போதே எண்ணியிருக்கிறேன். எஸ்தருக்கு இது பழக்கம்போல. “குத்தகைத் தோட்டமுங்க. காயைப் புடிங்க, கனமா இருக்குது” என்று சொல்லி முடித்துவிட்டார். தண்ணீர் கேட்டார். ருக்மணியம்மா ஒரு கணம் நின்றார், பிறகு உள்ளே போனார். அந்த ஒரு கணத்தை எஸ்தரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

தண்ணீர் வருவதற்குள் உள்ளேயிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. எஸ்தர் மூக்கை உயர்த்தினார். “காயைப் போட்டாச்சுங்களா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அடுப்பில் பெரிய வாணலி. நல்லெண்ணெயில் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் வதங்கிக்கொண்டிருந்தன. ஈரோட்டுப் பக்கம் பள்ளிபாளையம் சிக்கன் என்று ஒன்று செய்வார்கள், அதன் பக்குவம். கோழி இருக்க வேண்டிய இடத்தில் நான் வாங்கி வந்ததில் மிச்சமிருந்த சுக்கினியின் சுருள்.

“அம்மா, எறக்குங்க! இன்னும் ஒரு நிமிசம் உட்டா கூழாப் போயிருமுங்க!”

ருக்மணியம்மா திரும்பிப் பார்த்தார். தன் அடுப்பின் முன்னால், முன்பின் தெரியாத ஒரு பெண், ஆண்பிள்ளைச் சட்டையோடு. வாணலியைப் பார்த்தார். கூழாகும் அறிகுறி தெரிந்தது. கரித்துணியைத் தேடினார், கிடைக்கவில்லை. எஸ்தர் தன் சட்டை நுனியால் வாணலியைப் பிடித்து இறக்கி வைத்தார்.

“புழிஞ்சு போட்டீங்களா?”

“உப்புத் தூவிப் புழிஞ்சேனுங்க. மாலதி சொல்லுச்சு.”

“நாந்தானுங்க அதுக்குச் சொன்னேன்” என்றார் எஸ்தர். நான் சன்னலுக்கு வெளியே மாட்டைப் பார்த்தேன்.

அன்று எஸ்தர் அந்த மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டை ருக்மணியம்மாதான் வைத்தார். உலகம் மாறிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. காய் வெந்த பக்குவத்தை ருசி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது என்றுகூட இருக்கலாம். ஆனால் மறுநாளும் வைத்தார், அதற்கடுத்த நாளும்.

நாச்சிமுத்து முதல் வாயை எடுத்தபோது மூன்று பெண்களும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கோழி எங்க?”

“கோழி பறந்து போச்சுங்க” என்றார் ருக்மணியம்மா.

“அது போனாப் போகட்டும். இன்னுங் கொஞ்சம் போடு.” இரண்டாவது தட்டை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். “சந்தகை இல்ல இது. ஆனாத் திங்கலாம்.”

ரோட்டர்டாமில் எனக்கு வந்த நன்றிக் கடிதங்களையெல்லாம் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

அடுத்த மூன்று நாளும் சுக்கினியும் கொஞ்சம் சோறும்தான். காலை நடைக்கு ருக்மணியம்மாவே கூடப் போனார், பேக்கரிக்கு எதிர்த்திசையில். இரண்டாம் நாளே அவருக்கு மூச்சு வாங்க, நாச்சிமுத்து நின்று நின்று கூட்டி வந்தார். இத்தனை நாள் செடிக்குப் போய்க்கொண்டிருந்த மாத்திரைகள் வாய்க்குப் போயின, வாசல் செம்பருத்திக்குப் பக்கத்தில் கிடந்ததை நானே பொறுக்கினேன். எட்டாம் நாள் ரத்தப் பரிசோதனை. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டுத் தேதி உறுதி என்றார். எல்லாம் அந்தக் காயின் மகிமை என்று ருக்மணியம்மா சொன்னதற்கு அவர் சிரித்து, மாத்திரையும் நடையும் இனிப்பை நிறுத்தியதும்தான் பெரிய காரணம், காயையும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். ருக்மணியம்மா பின்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். தொலைபேசியில் சுகன்யாவும் அதையே நம்பினாள். பேக்கரியைப் பற்றி நான் வாயைத் திறக்காததால் எனக்குக் கிடைத்த புகழ் அது. நாகப்பட்டினத்துக்கு இன்னும் மூன்று நாள் ஆகும் என்று சொன்னேன். என் அம்மா தொலைபேசியைப் பட்டென்று வைத்தார்.

பத்தாம் நாள் காலை மருத்துவமனை. வலது கண் முதலில். வரிசையில் காத்திருந்த ஒரு மணி நேரமும் நாச்சிமுத்து பக்கத்து நாற்காலிக்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் சிரிப்பு நின்றது. எழுந்தார், திரும்ப உட்கார்ந்தார். ருக்மணியம்மா அவர் கட்டுப் போட்ட விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டே பேசிப் பழகிய அந்த வீட்டுக்காரர் முதல் முறையாக மெதுவாகச் சொன்னார்.

“தெரியாமப் போயிருச்சுன்னா?”

“நான் இருக்கறனுங்களே.”

அவ்வளவுதான் பேச்சு. செவிலி வந்து அழைத்துப் போனார். கதவு மூடியது. ‘பெரும்பாலும்’ என்ற என் சொல் பெரியப்பாவின் ஒன்பது வருடத்தோடு சேர்ந்து மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ருக்மணியம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், ஒரு மந்திரமும் முழுதாக வரவில்லை.

அரை மணி நேரத்துக்குள் கண்ணில் கட்டோடு கூட்டி வந்துவிட்டார்கள். முகத்தில் ஏமாற்றம்.

“அவ்ளோதானாமா. இதுக்கா ஆறு வருசம் பயந்தேன்? காபி குடிக்கற நேரங்கூட ஆகலை.”

மறுநாள் காலை கட்டைப் பிரிக்கப் போனோம். செவிலி பஞ்சை எடுத்து, கண்ணைத் துடைத்து, மெதுவாகத் திறக்கச் சொன்னார். நாச்சிமுத்து திறந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சன்னலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், செவிலி காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னார். பிறகு திரும்பி ருக்மணியம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மிணி, இத்தன நரைச்சுப்போச்சு உனக்கு?”

ருக்மணியம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். “ஒவ்வொண்ணாத்தானுங்க நரைச்சுது. நீங்கதான் பார்க்கலை.”

“அதை எடு. பார்க்கறேன்.”

அவர் எடுக்கவில்லை. நாச்சிமுத்துவே கையை நீட்டி முந்தானையை இறக்கினார். செவிலி சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் போய்விடலாமா என்று இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் நகர்ந்தேன்.

நகர்ந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினார். முதல் முறையாக அவர் பார்வை என் முகத்தில் நேராக வந்து நின்றது. காலிலிருந்து தலைவரை ஒரு முறை அளந்தார். நான் ஐந்தடிக்கும் சற்றுக் கீழே.

“நீதான் மாலதியா கண்ணு?”

“ஆமாங்கப்பா.”

“கொரலைக் கேட்டுப்போட்டு ஹெட்மாஸ்டரம்மா மாதிரி இருப்பேன்னு நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்” என்றார் நாச்சிமுத்து. “இத்தனூண்டு புள்ளையா என்னைய இந்தப் பாடு படுத்துனது?”